ஐம்பத்தொன்று

துவாஸ் விடுதி, ஏழாவது மாடி. ஞாயிறு மழை.
ஆளுக்கு இரண்டு சீட்டு, ஜோடி சேர்ந்தால் ஜெயம்.
பந்தயம்: மைலோ பாக்கெட்.

நான்தான் கணக்குப்பிள்ளை.
ஐம்பத்திரண்டில் இரண்டை எடுக்க
ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறு வழி,
அதில் ஜோடி எழுபத்தெட்டு.
பதினேழுக்கு ஒன்று.
எத்தனை தடவை சொன்னாலும்
தவசி இரண்டாம் சீட்டை
ஊதித்தான் திருப்புவான்.

போன புதன் அவனுக்குப் பெர்மிட் ரத்து.
சாங்கிக்கு வேன் வந்தபோது
நாங்கள் சாரத்தின் மேல் இருந்தோம்.

இன்று எண்ணினேன்.
கட்டில் ஒன்று குறைகிறது.
சீட்டுக்கட்டைச் சொன்னேன்;
அவன் படுத்த கட்டிலுக்கு
வியாழனே ஆள் வந்தாயிற்று.

எது காணோம் என்று தேடாதே, என்றான் இடும்பன்.
சம்பளச் சீட்டின் பின்புறம்
மறுபடி போட்டுப் பார்த்தேன்:
ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து வழி.
ஜோடி எழுபத்தைந்து.
வகுத்தால்
அதே பதினேழுக்கு ஒன்று.

ஒருத்தன் போனால் ஒன்றும் மாறாது என்று
சூப்பர்வைசரும் சொன்னார்,
கணக்கே போடாமல்.

குலுக்கு, என்றான் ரஃபிகுல்.
குலுக்கினேன், போட்டேன்.
மேல் கட்டிலிலிருந்து புது ஆள்
ஒன்றும் புரியாமல் பார்க்கிறான்:
மூன்று பேரும்
ஊதிக்கொண்டிருக்கிறோம்.