வெறும் வண்டி எடை

பெரியாஸ்பத்திரியில் கேட்டார்கள்,
வலி பத்துக்கு எத்தனை என்று.

பதினோரு வருஷம் எடை போட்டவள் நான்.
கப்பலூர் எடைமேடையில்
நெல், ஜல்லி, பழைய இரும்பு,
ஒருமுறை ஏதோ ஊர்த் தேரின் ஒற்றைச் சக்கரம்,
எல்லாம் ஏறி இறங்கியிருக்கின்றன என் முன்னால்.
இருபது கிலோ தள்ளி ஓர் எண் சொன்னதில்லை.
அன்றைக்கு ஏழு என்றேன்.
ஏதாவது சொல்ல வேண்டுமே.
கேட்டவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நடந்தது இவ்வளவுதான்:
ஒச்சப்பன் வண்டி, எம்சாண்ட் லோடு, ரிவர்ஸ்.
பின்னால் நின்று வா வா என்று
தட்ட வேண்டிய கிளீனர்
வடை வாங்கப் போயிருந்தான்.
சுவருக்கும் வண்டிக்கும் நடுவில்
ரசீதுப் புத்தகத்தோடு நான்.

இடுப்பில் இரண்டு தட்டு, எட்டு ஸ்க்ரூ.
எத்தனை கிராம் என்று கேட்டேன்.
சின்ன டாக்டர் சிரித்தார்.
நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

எலும்பு கூடிவிட்டது, படம் சுத்தம் என்றார்கள்.
வலி அந்தப் படத்தைப் பார்க்கவில்லை போல.
விடியக்காலை மூன்று மணிக்கு
ஈரத்துணி பிழிகிற மாதிரி இடது தொடையில் ஒரு முறுக்கு.
பிழிகிற கை உதறிக் காயப்போடுவதே இல்லை.

வந்தவர்கள் எல்லாம் வைத்தியர்கள்.
பிரண்டை, நண்டு ரசம், வாசலில் பூசணிக்காய்.
"நல்லாத்தான இருக்க, பாத்தாத் தெரியலையே"
என்றாள் நாத்தனார்.
தெரியாதுதான்.
தார்ப்பாய் போர்த்திய லோடு.

என்னைக் கெடுத்தவை நல்ல நாட்கள்.
தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
எழுந்தால் வலியைக் காணோம்.
போர்வை துவைத்தேன், பரண் ஒதுக்கினேன்,
ரேஷன் கடை வரிசையில் நின்றேன்,
போதாதென்று மார்க்கெட்டுக்கு நடந்தேன்.
அப்புறம் நான்கு நாள்
ஃபேனின் மூன்று இறக்கையையும்
திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
ஓவர்லோடு வண்டிக்காரனை எத்தனை தரம் வைதிருப்பேன்,
அச்சு முறிஞ்சாத்தான் புத்தி வருமா என்று.

பழைய ரசீதுகளின் முதுகில் எழுத ஆரம்பித்தேன்.
உட்கார்ந்தது இருபத்திரண்டு நிமிஷம், அப்புறம் வந்தது.
நின்றது பதினான்கு.
ஷேர் ஆட்டோவில் மூலக்கரை ஸ்பீடு பிரேக்கர்: அரை நாள்.
கொழுந்தனார் போன்: கிட்டத்தட்ட ஒரு டன்.
மகளுக்குத் தலை சீவிவிட்டது: எடை காட்டவில்லை.

நாற்பது ரசீது சேர்ந்ததும்
டாக்டரிடம் நான் கேட்டேன்:
இந்த மஞ்சள் மாத்திரை எதற்கு?
சாயங்காலத்தையே தின்றுவிடுகிறதே.
ரசீதுகளைப் புரட்டிவிட்டு
பாதியாக்கிப் பார்ப்போம் என்றார்.
'பார்ப்போம்' என்றது பிடித்திருந்தது.

முதலாளியிடம் போனேன்.
மேசை உயரமாக வேண்டும். நாற்காலி நான் பார்த்து எடுப்பேன்.
இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் போனில் மணி அடிக்கும்,
மேடையில் வண்டி நின்றாலும் எழுந்துவிடுவேன்.
"லாரிக்காரன் கத்துவானேம்மா."
"கத்தட்டும். வலிக்கு முந்தி எந்திரிச்சாத்தான்
மறுநாளும் இங்கிட்டு வந்து உக்கார முடியும்."

காலி வண்டி ஏறினாலும்
முள் சைபரில் நிற்பதில்லை.
ஆறரை டன், ஏழு டன், அது வண்டியின் சொந்தக் கனம்.
சைபருக்காக இரண்டு வருஷம் காத்திருந்தேன்.
இப்போது அதைக் கழித்துவிட்டு
மீதியைப் பார்க்கிறேன்.
சில நாள் மீதியே இல்லை.
நேற்றைய ஐப்பசி மழையில் முழுக்கப் படுக்கைதான்,
ரசீதில் ஒரு கோடு மட்டும்.

இன்றைக்கு ஒச்சப்பன் வந்தான்.
என் பக்கம் திரும்பாமல்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டிலேயே நிற்கிறான்.
கிளீனரை மறுபடியும் காணோம்.

கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
வண்டிக்குப் பின்னால் இல்லை, பக்கவாட்டில்,
கண்ணாடியில் அவனுக்கு நான் தெரிகிற இடத்தில்.
தகரத்தில் இரண்டு தட்டு.

"வா... வா... பைய வா...
இன்னுங் கொஞ்சம்...
நில்லு."

நின்றது.
பதினான்கில் நான்கு நிமிஷம் செலவு.