ஏழு புள்ளி நான்கு

பத்து ஃபெரிங்கியில் பதினோரு நீச்சல் குளங்கள்
என் கணக்கில்.
விடியுமுன் குப்பியில் நீர் மொண்டு
ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கினால் நிறம் சொல்லும்.
ஏழு புள்ளி நான்கு, சரி.
ஏறினால் அமிலம், இறங்கினால் சோடா.

அதனால்தான் டாக்டர் இயோ
மருந்துச் சீட்டின் முதுகில் ஒரு தராசு வரைந்து
"மூளையில் செரோடோனின் குறைச்சல், சமன் செய்யலாம்"
என்றதும் நம்பினேன்.
என் தொழிலைத்தானே சொல்கிறார்.

கமலவேணி ஊருக்கெல்லாம் சொன்னாள்:
சோம்பலில்லை, செய்வினையில்லை,
"தண்ணி சரியில்ல அவருக்கு, அவ்வளவுதான்."
தண்ணீர்மலைக்குக் காவடி நேர்ந்த மாமியாரும்
அதன்பின் வாயைத் திறக்கவில்லை.

ஏழு வருடம். தினம் ஒரு வில்லை.

இந்த மார்ச்சில் புது டாக்டர், ஹிடாயா.
பர்சில் மடித்திருந்த தராசைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"இதை யாரும் உங்களுக்கு அளக்கவில்லை, அங்கிள்.
குறைச்சல்தான் காரணம் என்று நிரூபணமும் இல்லை.
மருந்து சிலருக்குக் கேட்கிறது.
எப்படி என்று முழுசாகத் தெரியாது."
'தெரியாது' என்பதை மலாயிலும் சொன்னார்.
அதிலும் அது சின்னதாகவில்லை.

கோபத்தில் ஒன்பது நாள் நிறுத்தினேன்.
கழுத்தைத் திருப்பினால் தலைக்குள் பொறி தட்டியது,
மோட்டாரை ஓரங்கட்டி
தஞ்சோங் பூங்காவில் கடலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"நிறுத்துவதானாலும் என்னோடு சேர்ந்து,
கொஞ்சம் கொஞ்சமாக" என்றார் ஹிடாயா.

அப்படியானால்
இரண்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை
பக்கத்து வீட்டு நெத்திலி பொரியல் வாசம்
எத்தனையோ நாளுக்குப் பிறகு மூக்கில் ஏறி
பசித்ததே, அது என்ன?
மகள் பட்டம் வாங்கிய அன்று
அழ வேண்டிய இடத்தில் அழுகை வராமல்
கைதட்டிக்கொண்டே இருந்தேனே, அது?

கமலவேணிக்கு வேறு கவலை.
"தண்ணி சரியில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே,
இப்ப என்னன்னு சொல்றது?"
பதில் இல்லை. கோப்பி ஆறியது.

இன்று ஆறாவது குளம்.
நிறம் சரி, குளோரின் சரி, எல்லா எண்ணும் சரி,
நீர் மட்டும் கலங்கல்.
இருபது வருடத்தில் நாலைந்து முறை இப்படி.
அட்டையில் 'காரணம்' என்ற கட்டத்தை விட்டுவிட்டு
பம்ப்பைத் திறந்தேன்.
மிதவையோடு ஒரு பிள்ளை வந்து
இறங்கலாமா என்றது.
இன்னும் கொஞ்சம் பொறு என்றேன்.
சட்டைப் பையில் பாதி வில்லை.