வெற்று எடை

ஒவ்வொரு லோரியும் என் மேடையில் இரண்டு முறை ஏறும்.
குலையோடு ஒரு தரம், குலையைக் கொட்டிவிட்டு ஒரு தரம்.
கழித்தால் வருவதுதான் காசு.
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
பதினாறு வருடமாக
ஒரு மின்விசிறி, ஒரு முத்திரை, கண்ணாடிக்குப் பின்னால் நான்.

இரண்டாம் தரம் ஓட்டுநர் இறங்கி நின்றுகொண்டால்
அவன் உடம்பும் குலைக் கணக்கில் சேர்ந்துவிடும்,
எழுபது கிலோ, எண்பது கிலோ.
நான் சன்னலைத் தட்டுவேன்:
ஏறு லா, ஏறு.

அன்று அப்பளசாமி இறங்கவே இல்லை.
பாட்டு முடியட்டும் என்றான்.
பாத்து ஹித்தாம் குழுவின் புதுசு.
அரங்கத்துக்கு வெளியே மழையில் நின்றாவது
கேட்டுவிட்டு வருவார்களே, அவர்களுடையது.
ஒன்பது பாட்டு. ஒன்பதும் அடுத்தவன் பாட்டு.
"இவனுங்க வாயில பட்டா அப்புறம் இவனுங்களுதுதான்"
என்று ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான்.

ஐந்தாவது.
மலாயில் எங்கோ ஒரு கப்பல் ஊதுகிறது,
ஒருவன் படுக்கையில் எழுந்து உட்காருகிறான்.
முத்திரையைத் தூக்கிய கை
தூக்கியபடியே நின்றது.
அது கப்பல் இல்லை.
ஆலைச் சங்கு, காலை ஐந்தே முக்கால்.

சங்கு ஊதி எழும்புற ஆளே
சங்கு செத்தா என்னா செய்வே

பாய்லர் சவரிராயன் கட்டியது.
சங்கத்துச் சாப்பாட்டில் மேசை மேல் ஏறி,
நாலே கம்பி மிஞ்சிய கித்தாரில்,
மேனேஜர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும்போதே.
அந்த வருடம் பயிற்சிக்கு வந்திருந்த
ஒல்லிப் பையன் கரண்டியால் தட்டைத் தட்டினான்.
இன்று அவன்தான் அவர்களுக்கு டிரம்ஸ்.

உறையைப் போனில் பெரிதாக்கிப் படித்தேன்.
எட்டுப் பாட்டுக்குப் பெயர் இருந்தது.
ஐந்தாவதற்கு: வாய்வழி.

அந்த வாயை எனக்குத் தெரியும்.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

பாய்லர் அறைக்கு ஓடினேன்.
வக்கீல், சங்கம், பத்திரிகை,
போகிற வழியிலேயே வரிசை போட்டு வைத்திருந்தேன்.
சவரிராயன் காதடைப்பை எடுத்தார்.
அழுத்தமானியில் கண், போனில் காது.
இன்னொரு தரம் போடச் சொன்னார்.
மூன்றாம் தரம் முடிந்ததும்,
"ரெண்டாவது அடியில நான் தடுக்கி விழுவேனே,
அந்த எடத்த தாண்டிட்டான் பாரு."

கப்பல்?

"கப்பல் நல்லாத்தான் இருக்கு.
சங்குன்னு வச்சா
பாட்டு இந்தக் கேட்டத் தாண்டாது."

பிறகு, நீராவிச் சத்தத்துக்குக் கீழே,
மெட்டு ரொட்டி பாயின் ஹாரன் என்றார்.
மோட்டாரில் வருவாரே, சாயங்காலம்,
ரெண்டு நீட்டு, ஒரு குட்டை.
"அவருகிட்ட நான் கேட்டனா?"

எனக்குத்தான் கோபம்.
யார் மேல் என்று எழுத
என் ரசீதில் கட்டம் கிடையாது.

சனிக்கிழமை, ஆ செங் கோப்பிக் கடை.
கராவோக்கே திரையில் நீலக் கடல்,
அதன்மேல் எழுத்து ஓடுகிறது.
சவரிராயன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து
ஐந்தாவதைக் கேட்டு வாங்கினார்.
மலாயில் பாடினார்.
அந்தப் பாடகன் மூச்சு வாங்கும் இடத்தில் வாங்கி,
அவன் தொண்டையைக் கரகரக்கும் இடத்தில் கரகரத்து.
மீ கோரெங் தட்டை விட்டுவிட்டு
ஹெல்மெட் கழற்றாத ஒரு பையன் கத்தினான்:
"அங்கிள்! அப்படியே பாத்து ஹித்தாம்!"
பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தார்.

இரண்டாவது அடி வந்தது.
அவர்கள் தாண்டிய இடம்.
எழுத்து நிறம் மாறிக்கொண்டே முன்னால் போய்விட
சவரிராயன் நின்றார்,
அந்தப் பழைய இடத்தில், பழைய மாதிரியே,
ஒரு கால் தடுக்கி.

மறந்துவிட்டார் என்று நினைத்து
பையன் எடுத்துக்கொடுத்தான்: "கப்பல், அங்கிள், கப்பல்."

தலையாட்டிவிட்டு
ஏறிக்கொண்டார்.