இணைப்பு: கூரைத் துண்டு ஒன்று

விழுந்தது ஐப்பசி எட்டு, விடியற்காலை மூன்றரை.
பால் வண்டி அப்போதுதான் தெருவைக் கடந்தது.
தோசைக்கல் அகலம் இருக்கும்.
ஜோவிதா சுவர்ப்பக்கம் உருண்டிருந்தாள்;
தலையணை மட்டும் உருளவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர்.
மேலே கம்பிகள் துருவேறி,
தின்று முடித்த மீன் மாதிரி.
அதற்கா வெள்ளை?

பிடிக்கலன்னா காலி பண்ணுங்க.
அது மாடிப்படியில், இரண்டாம் முறை கேட்டபோது.
என் அட்வான்ஸ் எண்பதாயிரம்
அவர் மகள் கல்யாணத்தில் சாப்பாடானது.
நானும் பந்தியில் உட்கார்ந்தேன்.

பக்கத்து போர்ஷன் ஷம்ஷாத்
செருப்புப் போட்டுக்கொண்டுதான் பாத்ரூம் சுவிட்சைத் தொடுவாள்.
வாயால சொன்னது காத்து, எழுது என்றாள்.
மேற்படி கட்டடத்தில் என்று தொடங்கி
மூன்று தாள் கிழித்தேன்.
பயமாக இருக்கிறது என்ற வரியை அவள் அடித்தாள்.
தேதி போடு, அளவு போடு,
பயத்தை அவங்களே கூட்டிப்பாங்க.

நான்கு குடித்தனத்தில் மூன்று கையெழுத்து.
ஏகாம்பரம் சார் வீட்டுக்காரருக்குச் சொந்தம், போடவில்லை.
விரிசலைப் போட்டோ எடுக்கையில்
ஸ்கேல் பிடித்தது அவர்தான்.

கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு
சூளை முழுக்கச் சுற்றி, ஒப்புகை அட்டையோடு
இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது ஒரு நகல்.
இன்னொன்றை மண்டல ஆபீசில் கையில் கொடுத்தேன்.

வாடகை ஒப்பந்தம் இருக்கா?
இல்லை.
அப்போ?
கேஸ் பில். ஜிபேயில் பதினோரு மாத வாடகை.
பிறகு ஸ்வீட் டப்பாவைத் திறந்து
அந்தத் துண்டை மேசைமேல் வைத்தேன்.
மணல் உதிர்ந்தது, அவர் டீயிலும் கொஞ்சம்.
முத்திரை குத்தினார்.

பத்தொன்பதாம் நாள் வந்த இன்ஜினியர் பெண்
சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள்.
டங். டங். டொப்.
டொப் என்ற இடத்திலெல்லாம் சாக்பீஸ் வட்டம்.
மொத்தம் பதினேழு.
அவற்றில் ஐந்து
வீட்டுக்காரர் கட்டிலுக்கு நேர் மேலே.
அண்ணாந்து வெகுநேரம் நின்றார்.
யாரும் பேசவில்லை.

தை பிறந்து சாரம் பிரித்தார்கள்.
சிமெண்ட் நிறம் சேரவில்லை, சேராமல் போகட்டும்.
சித்திரையில் வாடகையை ஏற்றப் பார்ப்பார்.
தாள் இருக்கிறது வீட்டில்.

மாதாமாதம் ரசீது கேட்டு வாங்குகிறேன்.
ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க
அந்தத் துண்டு மேலே.