அமில எண்

காவேரிப்பட்டினம் என்கிறது பலகை.
பட்டினம் என்றால் கடல் வேண்டும்;
எங்களுக்குத் தென்பெண்ணை,
அதுவும் பாதி வருஷம் மணல்.

வேடியப்பன் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது
விடியலில் அரைத்த தவிடு
மூட்டைக்குள் இன்னும் சூடாக இருந்தது.
அரிசி ஒரு வருஷம்கூடக் காத்துக் கிடக்கும்.
தவிட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது,
ஒரு ராத்திரி தாண்டினால்
சிக்கு வாடை.

தொப்பூர் கணவாயில் ஏதோ கவிழ்ந்துவிட்டதாம்.
பதினோரு மணிக்கு, 'வண்டி நகரலைம்மா.'
இரண்டு மணிக்கு, 'நகரலை.'
நான்கு மணிக்கு எடுத்தவன் பேசவில்லை,
ஆரன் சத்தம் மட்டும்.

மறுநாள் ஈரோட்டு ஆலையில்
கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாய் விட்டு
அமிலம் பார்த்தார்கள்.
சமையலுக்கு ஆகாதாம். சோப்புக்கு எடுத்துக்கொள்கிறார்களாம்,
கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்து.
பில்லில் பழைய தொகையை அடித்துக்கொண்டிருந்தேன்.

தரகர் அப்சர் பாஷாவின் போன்:
'நேபாளத்துல தவிட்டெண்ணெய் கேக்கறாங்க,
மாசம் எண்ணூறு டின்.
கடல் இல்லாத நாடும்மா, எல்லாமே ரோட்டு வழி.
முன்னப்பின்ன ஆனா
அவங்களுக்கே புரியும்.'

விலை கேட்கவில்லை நான்.
அவர்கள் ஊர்த் தொப்பூருக்கு
என்ன பெயர் என்று கேட்டேன்.