உதிரி எண்ணுதல்

கோல கெட்டில், ஆலைக்குப் பின்னால் எங்கள் வேன்.
மருதப்பன் கண்ணில் சொட்டு விட்டு
இருபது நிமிடம்.
வெயில் ஆகாது என்றேன்.
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
தே ஓ கோசோங்கை ஊதிக் குடித்தார்.
'கோசோங்' என்பதைக் கடைக்காரன்
ஊருக்கே கேட்கக் கத்தியிருந்தான்.

விழித்திரை கணினியில் விரிந்தது.
"செம்பனப் பழமாட்டம்ல இருக்கு!"
ஆமாம், அதே செம்மஞ்சள்.
நடுவே கறுத்த புள்ளிகள்.
நான் கேட்காமலே விரல் வைத்து எண்ணினார்.
"பத்து உதிரி.
எங்க கணக்குல இது பழுத்த கொல.
வெட்டிரலாம்."

மார்ச்சில் ஆறுதான் இருந்தது.
மார்ச்சில்தான் ஊசியைத் தொடங்கினார்,
ஒரு வேளைகூடத் தவறவில்லை.
மூன்று மாதச் சராசரி
பன்னிரண்டிலிருந்து ஏழு.
"சக்கர எறங்குது, புள்ளி ஏறுது.
என்னா கணக்கு தங்கச்சி இது?"

பினாங்கு ஆய்வகத்தில்
விழித்திரை உயிரணுக்களைத் தட்டில் வளர்க்கிறேன்.
தட்டு நிறைந்ததும் பிப்பெட் நுனியால்
குறுக்கே ஒரு கோடு கிழிப்பேன்.
அதுதான் காயம்.
ஒரு தட்டுக்கு இன்சுலின், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை.
மறுநாள்
இன்சுலின் தட்டில் இரண்டு கரையும்
ஒன்றையொன்று பார்த்து ஊர்ந்திருக்கும்.
அளந்து எழுத வேண்டும்.
சில நாள் எழுதாமல்
சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் தட்டில் இரத்தக் குழாய் கிடையாது.
அதே இன்சுலின் குழாய்ச் சுவரிடம்
என்ன சொல்கிறது என்பதில்
எங்களுக்குள் இன்னும் சண்டை.
விரி என்கிறதா, கசி என்கிறதா,
புதுக் கிளை விடு என்கிறதா.
காய்ந்து கிடந்த பாரிட்டில்
திடீரென்று தண்ணீர் வந்தால் கரை உடையாதா
என்பார் டாக்டர் ஹஸ்லினா.
கட்டுரையில் அப்படி எழுத மாட்டார்.

கைபேசியில் படத்தைக் காட்டினேன்:
முதல் நாள் கோடு. மறுநாள் கோடில்லை.
சொட்டு விட்ட கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.
"தட்டுல மழ பெய்யுமா?"
"இல்ல."
"எலி?"
"இல்லண்ணே."
"அப்ப மூடும்."

பிறகு மெல்ல,
"ஊசிய நிறுத்திரவா?"

கூடாது என்றேன்.
முதல் சில மாதம் சிலருக்குக் கூடும், அப்புறம் அடங்கும்.
'சிலருக்கு' என்பதை
கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னேன்.
வியாழக்கிழமை சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி,
எழுதித் தந்தேன்.
அன்றைக்கு வெட்டு இருக்கிறதாம்.
சீட்டை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெயில் ஆகாது என்று சொல்லியும்
தொப்பியைக் கழற்றினார்.
ஒரு கண்ணைப் பொத்தி
நாற்பதடி மரத்தை அண்ணாந்தார்,
பிறகு மறு கண்ணை.

எதில் குலை தெரிந்தது
என்று கேட்க
படிவத்தில் இடமில்லை.