வெட்டாமல் விட்டது

எங்கள் தேவாலயத்துக்குக் கடைக்கால் கிடையாது.
கூரையில் தொடங்கினார்கள்.
மலைமேல், மாடு படுத்துக் கிடந்த சிவப்புப் பாறையில்
கயிறு பிடித்து ஒரு சிலுவை வரைந்தார் மெர்ஹா.
சுற்றிலும் அகழி இறங்கியது.
நாங்கள் இறங்க இறங்கச் சுவர் உயர்ந்தது.

கதவுக்கு முன்னால் ஜன்னல் வந்தது.
அதன் வழியே தவழ்ந்து நுழைந்தவர்கள்
மல்லாந்து படுத்து உட்கூரையைக் கொத்தினார்கள்.
கண்ணெல்லாம் தூள்.
பிறகு வளைவு, வளைவுக்கடியில் போதிகை,
போதிகைக்கடியில் தூண்.
தூண் என்றால் வேறொன்றுமில்லை,
வெட்டாமல் விட்டது.
வெட்டியதெல்லாம் என் கூடையில்.

நான் கல் சுமக்கிறவன். உளி பிடித்ததில்லை.
மாதம் ஓர் உப்புப்பாளம் கூலி, பார்லி தனி.

வெளிச்சுவரில் வரிசையாக
உத்திர முனைகளைச் செதுக்கினார்கள்.
குரங்குத்தலை என்போம்.
மரத்தால் கட்டிய பழைய ஆலயங்களில்
அவை நிஜமாகவே உத்திரம். இங்கே
எதையும் தாங்காமல் துருத்திக்கொண்டு நிற்கின்றன.
எதற்கு வீண்வேலை என்று கேட்டேன்.
"உத்திரமில்லாத வீட்டுக்கு நீ குடிபோவாயா?" என்றார் மெர்ஹா.

நாலாவது தூணுக்குள் மண்ணோட்டம் இருந்தது.
யாருக்குத் தெரியும்?
உளி பட்டதும் பொலபொலவென்று
நெஞ்சுயரத்துக்குக் கீழே எல்லாம் உதிர்ந்தது.
கட்டுகிறவன் பிசகினால் பிரித்துக் கட்டலாம்.
குடைகிறவன்?
மெர்ஹா இரண்டு நாள் சாப்பிடவில்லை.
அபா யேமானே விளக்கோடு வந்தார், அண்ணாந்து பார்த்தார்.
"விழுமா?"
"விழாது."
"அப்படியானால் விடு."

இன்றும் தொங்குகிறது.
மேலே பூவேலை செய்த போதிகை,
பாதித் தூண்,
அப்புறம் காற்று.
பிள்ளைகள் அதனடியில் குனியாமல் ஓடுகிறார்கள்.
வெளியூர்க்காரர்கள் தூண்களை எண்ணிவிட்டு
மறுபடி எண்ணுகிறார்கள்.

கீழ்ப்பாதி என்னிடம் இருக்கிறது.
பதினொரு நடை சுமந்தேன். குப்பைமேட்டில் கொட்ட மனம் வரவில்லை.
மூன்று துண்டுகளை ட்சிகே அடுப்புக்கு வைத்துக்கொண்டாள்.
பானை ஆடாமல் உட்காருகிறது.
மீதி, ஆட்டுப்பட்டிச் சுவரில்.

மற்றதெல்லாம் கிழக்கே ஒரு குன்றாகக் கிடக்கிறது.
இப்போது அதில் யாரோ பார்லி விதைக்கிறார்கள்.
சாம்பிராணிப் புகை சுற்றுகிற அந்த இடம் முழுவதும்,
மூடுதிரைக்குப் பின்னால் குருக்கள் மட்டும் போகிற இடம்கூட,
ஒருகாலத்தில் என் முதுகில் இருந்தது.

திருநாளன்று செருப்பைக் கழற்றிவிட்டு
நானும் எல்லாரையும்போல் உள்ளே போகிறேன்.
ஊன்றுகோலில் சாய்ந்து மணிக்கணக்காக நிற்கிறார்கள்.
எனக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.
வெறுங்கையோடு அந்த வாசலைத் தாண்டுவது
இன்னும் பழகவில்லை.